காட்டலாம், கொடுக்கக்கூடாது: ஐசி எண்ணைக் கையாளும் முறை

850312-07 என்று தொடங்கும் ஐசி (மலேசிய அடையாள அட்டை) எண்ணைப் பார்த்ததுமே விவரம் தெரிந்தவர் சொல்லிவிடுவார்: 1985 மார்ச் 12, பினாங்கில் பிறந்தவர். நடுவில் வரும் இரண்டு இலக்கம் பிறந்த மாநிலம். பினாங்கிற்கு 07, பேராவிற்கு 08, சிலாங்கூருக்கு 10, கோலாலம்பூருக்கு 14. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். சொந்த ஊரையும் நாற்பதாவது பிறந்தநாள் படத்தையும் பேஸ்புக்கில் போட்டவரின் பன்னிரண்டு இலக்கத்தில் எட்டு இப்படி ஊருக்கே தெரிந்துவிடுகிறது. மீதி நான்கில், கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதும் தெரிவதால், எஞ்சுவது 5,000 சேர்க்கைகள்தான். கம்ப்யூட்டருக்கு இது கண் சிமிட்டும் நேரத்து வேலை.

அதோடு, 2017-இல் மலேசியாவின் கைப்பேசி நிறுவனங்களிடமிருந்து 4 கோடியே 62 லட்சம் எண்களின் விவரங்கள் கசிந்து இணையத்தில் விற்பனைக்கு வந்தன. பெயர், முகவரி, ஐசி எண் எல்லாம் அதில் இருந்தன. நாட்டின் மக்கள்தொகையைவிடப் பெரிய எண்ணிக்கை அது. ஆகவே உங்கள் ஐசி எண் ஏற்கெனவே வெளியே போய்விட்டது என்று வைத்துக்கொண்டே மேற்கொண்டு யோசியுங்கள். எண்ணை ஒளித்துவைப்பதில் சக்தியை வீணாக்க வேண்டாம். காக்க வேண்டியவை இரண்டு: அட்டையின் படம், அந்த எண்ணில் தொங்கும் கணக்குகள்.

இதிலிருந்து உடனே செய்ய வேண்டியது ஒன்று வருகிறது. மாதக் கணக்கறிக்கையையோ காப்புறுதிப் பத்திரத்தையோ பூட்டிய பிடிஎப் கோப்பாக அனுப்பி, அதன் கடவுச்சொல்லாக ஐசி எண்ணையோ பிறந்த தேதியையோ வைக்கும் நிறுவனங்கள் நிறைய. அந்தப் பூட்டு பூட்டே அல்ல. கடவுச்சொல்லை மாற்ற வழி இருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கோப்பை அப்படியே யாருக்கும் வாட்ஸ்ஆப்பில் தள்ளிவிடாதீர்கள்.

இன்னொன்றும் இதே கணக்கில் வரும். "வருமான வரி வாரியத்திலிருந்து பேசுகிறோம்", "கோர்ட்டில் உங்கள் பேரில் வழக்கு இருக்கிறது" என்று அழைப்பவர் உங்கள் முழுப்பெயர், ஐசி எண், வீட்டு முகவரி மூன்றையும் பிசகாமல் ஒப்பிப்பார். வீட்டில் பெரியவர்கள் ஆடிப்போவது அந்த இடத்தில்தான். எண்ணைச் சொன்னவர் அதிகாரி ஆகிவிட மாட்டார் என்பதை அம்மா அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டது என்றால் வங்கியின் 24 மணி நேர எண்ணையும் 997-ஐயும் அப்போதே அழைக்க வேண்டும். 997 என்பது 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தடுப்பதுதான் அவர்கள் வேலை என்பதால், மறுநாள் காலையில் அழைத்தால் பெரும்பாலும் பலனிராது.

காவல் சாவடியில்

செந்தூலோ பாயான் லெப்பாஸோ, கொண்டோ வாசலில் நடப்பது ஒன்றுதான். ஜாகா (காவலாளி) கையை நீட்டுவார். அட்டையை வாங்கி ஒரு டப்பாவில் போட்டுவிட்டு விசிட்டர் பாஸ் கொடுப்பார். தனியார் பாதுகாவலருக்கு மைகாட்டை (ஐசி அட்டையின் பெயர் அதுதான்) வாங்கி வைத்துக்கொள்ளும் அதிகாரம் கிடையாது. அட்டையைக் கேட்டுப் பரிசோதிக்கும் உரிமை பதிவதிகாரி, போலிஸ் போன்ற சட்டம் குறிப்பிட்ட அதிகாரிகளுக்கே உண்டு. தேசியப் பதிவிலாகாவும் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறது.

ஆனால் சாவடியில் நின்று சட்டம் பேசினால் பின்னால் நிற்கும் கார்கள்தான் ஹார்ன் அடிக்கும். ஜாகா மேலிடம் சொன்னதைச் செய்கிறார், அவ்வளவுதான். "துன்ஜோக் போலே, சிம்பான் தாக் போலே, பாங்" (காட்டலாம், வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, அண்ணே) என்று சிரித்தபடி சொல்லி, அட்டையைக் கையிலேயே பிடித்துக் காட்டுங்கள். பெயர், கார் எண், போகும் வீட்டு எண் மூன்றையும் நீங்களே எழுதிக்கொடுக்க முன்வந்தால் பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடும். பலர் புத்திசாலித்தனமாக ஐசிக்குப் பதில் ஓட்டுநர் உரிமத்தை நீட்டுகிறார்கள். அதிலும் அதே ஐசி எண்தான் அச்சாகியிருக்கிறது. முகவரியும் சேர்ந்தே இருக்கிறது. ஒரு லாபமும் இல்லை.

வீட்டுக்காரர் கொண்டோவின் ஆப்பில் முன்கூட்டியே விருந்தாளியைப் பதிந்து கியூஆர் குறியீடு அனுப்பினால் அட்டைக்கே வேலை இருக்காது. நீங்கள் அங்கே குடியிருப்பவர் என்றால் ஆண்டுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவிடம் கேட்க வேண்டியவை இவை: வருகைப் பதிவேட்டை எத்தனை மாதம் வைத்திருக்கிறீர்கள், பிறகு எப்படி அழிக்கிறீர்கள், அட்டையை ஸ்கேன் செய்தால் படம் யாருடைய கம்ப்யூட்டரில் போய் உட்காருகிறது, பாதுகாப்பு நிறுவனத்தை மாற்றும்போது பழையவர் அதை எடுத்துப்போகிறாரா. கடைசிக் கேள்விக்கு அநேகமாகப் பதிலே வராது. அப்போது ஒப்பந்தத்தில் அதை எழுதச் சொல்லுங்கள். முகத்தையோ கட்டைவிரல் ரேகையையோ பதிந்து கதவைத் திறக்கும் கருவி வந்தால் இன்னும் கவனம் தேவை. 2025 ஏப்ரல் 1 முதல் உடற்கூறு அடையாளத் தரவு சட்டப்படி நுண்ணிய (சென்சிடிவ்) தனிநபர் தரவு. அதற்கு உங்கள் வெளிப்படையான சம்மதம் வேண்டும். ஜிம்மிலும் இதே விதிதான். "கார்டு கொடுங்கள், அது போதும்" என்று கேட்பதில் தவறில்லை.

போட்டோஸ்டேட் எடுத்துக் கொடுக்கும்போது

வாடகை வீடு, கார் கடன், வேலை, புது கைப்பேசி லைன் என்று அட்டையின் நகலைக் கேட்கும் இடம் குறையப்போவதில்லை. சும்மா எடுத்த நகல் யார் கையில் சிக்கினாலும் அவர் அதை எங்கே வேண்டுமானாலும் நீட்டிவிடலாம். காரணம் எழுதிய நகலை நீட்டினால் கேள்வி வரும். படத்தின் குறுக்கே சாய்வாக இரண்டு கோடு போட்டு, நடுவில் "உந்தோக் துஜுவான் செவா ரூமா சஹாஜா" (வீட்டு வாடகைக்கு மட்டும்) என்பது போல எழுதுங்கள். வாங்குபவரின் பெயர், தேதி இரண்டும் அதே வரியில் வர வேண்டும். எழுத்து படத்தின் மேலேயே ஓட வேண்டும். ஓரத்து வெள்ளைத் தாளில் எழுதினால் கத்தரிக்கோல் ஒன்று போதும், காரணம் காணாமல் போகும். முகத்தையும் எண்ணையும் முழுக்க மறைத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அவற்றின் ஓரத்தைத் தொட்டபடி போனால் சரி.

கைப்பேசியில் அனுப்புவது இப்போது அதிகம், பிழையும் அங்கேதான் அதிகம். ஹைலைட்டர் பேனாவால் மறைத்தால், வெளிச்சத்தைக் கூட்டியதும் அடியில் உள்ளது தெரிந்துவிடும். முழுக் கறுப்புப் பேனாவையோ கட்டத்தையோ பயன்படுத்துங்கள். பிடிஎப்பில் மேலே ஒட்டிய கட்டத்தை அடுத்தவர் தூக்கிவிடலாம். அதனால் குறியிட்டு முடித்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அனுப்புங்கள். இதில் இன்னொரு வசதி: மூலப் படத்தை வாட்ஸ்ஆப்பில் டாக்குமெண்டாக அனுப்பினால், எடுத்த இடமும் நேரமும் கோப்போடு சேர்ந்தே போகும். ஸ்கிரீன்ஷாட்டில் அந்த இடக்குறிப்பு இருக்காது. அனுப்பியாயிற்றா? உங்கள் கேலரியில் கிடக்கும் மூலத்தையும், குப்பைப் பெட்டியில் போன அதன் பிரதியையும் அழியுங்கள். கூகல் போட்டோஸ் தானாக மேகத்தில் ஏற்றியிருக்கும், அங்கேயும் பாருங்கள்.

கடையில் அச்செடுக்கிறீர்கள் என்றால் அதற்கும் ஒரு முறை உண்டு. பிரிக்பீல்ட்ஸிலோ லெபோ பாசாரிலோ கடைக்காரர் "வாட்ஸ்ஆப்ல அனுப்புங்கண்ணே" என்பார். அனுப்பி, அச்சானதும், "டிலீட் பண்ணிடுங்க தம்பி" என்று கேட்டு, அவர் அழிப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலும் ஒரு பிரதி நிற்கும். கடைக் கம்ப்யூட்டரில் உங்கள் வாட்ஸ்ஆப்பையே திறந்திருந்தால், உங்கள் கைப்பேசியின் அமைப்புகளில் இணைக்கப்பட்ட சாதனங்கள் பக்கத்துக்குப் போய் அதை வெளியேற்ற மறக்காதீர்கள். மறந்தால் உங்கள் அரட்டை முழுவதும் அந்தக் கடையில் திறந்தபடியே இருக்கும்.

இப்போது மைகாட் பாதி பணப்பையாகவும் ஆகிவிட்டது. 2025 செப்டம்பர் கடைசியில் தொடங்கிய புடி95 திட்டத்தில் ரோன்95 பெட்ரோலை லிட்டர் 1.99 வெள்ளிக்கு (ரிங்கிட்) போட அட்டையை எண்ணெய் நிலையத்தின் கருவியில் செருகுகிறோம். சாரா எனும் அரசின் அடிப்படைப் பொருள் உதவிக்கும் கடைக் கல்லாவில் அதே அட்டைதான். கருவியில் நீங்களே செருகி நீங்களே எடுங்கள். அட்டையை அங்கேயே விட்டுவிட்டுப் போவதுதான் நடக்கும் தவறு. கருவி படிப்பதோடு வேலை முடிந்தது, நோட்டில் எண்ணை எழுதிக்கொள்ளவோ படம் எடுக்கவோ தேவையில்லை. கடைகளில் "இ-இன்வாய்ஸ் வேண்டுமா?" என்று கேட்டால், வரிக் கணக்கில் காட்டும் செலவு இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், சாதாரண ரசீது போதும். கோயில் உபயப் பாரத்தில் ஐசி எண் கேட்பதற்கும் இதே அளவுகோல்தான். வரிவிலக்கு ரசீது வேண்டுவோர் எழுதட்டும். மற்றவர்களிடம் அர்ச்சனைக்கு நட்சத்திரமும் ராசியும் கேட்டால் போதாதா?

உங்கள் பேரில் யாராவது ஏதாவது எடுத்திருக்கிறார்களா?

மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் இசிசிரிஸ் தளத்தில் உங்கள் கடன் விவரங்களைக் காட்டும் சிசிரிஸ் அறிக்கையை இலவசமாக எடுக்கலாம். எல்லோரும் நிலுவைக் கடன் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதன் கீழே கடந்த 12 மாதங்களின் கடன் விண்ணப்பப் பட்டியல் இருக்கும். நீங்கள் போகாத வங்கியில் ஒரு விண்ணப்பம் தெரிந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை, கடன் கிடைத்திருக்கவே வேண்டியதில்லை. அந்த வங்கிக்கு எழுத்தில் மறுப்புத் தெரிவித்து, போலிஸ் ரிப்போர்ட்டின் நகலை இணையுங்கள். வங்கி சரியாகப் பதில் சொல்லாவிட்டால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 எண்ணுக்குப் போங்கள். உரிமமில்லா வட்டிக்காரரின் கணக்கெல்லாம் சிசிரிஸில் வராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்து சிம் கார்டு. ஒருவர் ஒரு நிறுவனத்தில் ஐந்து பிரிபெய்ட் எண்கள் வரைதான் பதியலாம். உங்கள் ஐசியில் எத்தனை எண் ஓடுகிறது என்று ஒவ்வொரு நிறுவனத்திடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், நீங்கள் வாடிக்கையாளராக இல்லாத நிறுவனத்திடமும்தான். தெரியாத எண் இருந்தால் அங்கேயே ரத்து செய்யச் சொல்லி, ரத்து செய்ததற்கான எழுத்துச் சான்று வாங்குங்கள்.

அட்டை காணாமல் போனால் பதிவிலாகாவில் மாற்று அட்டைக்குப் போவதோடு நிறுத்தாமல், போலிஸ் ரிப்போர்ட்டும் எடுத்து வையுங்கள். திருட்டு என்றால் அது கட்டாயம் தேவை. வெறுமனே தொலைந்தாலும், "இந்தத் தேதிக்குப் பிறகு நடந்தது என்னுடையது அல்ல" என்று காட்ட அந்தத் தாள்தான் கையில் இருக்கும்.

இருபத்தொரு நாள் கடிதம்

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, நடைமுறைக்கு வந்தது 2013 நவம்பர் 15. பத்தாண்டுக்கு மேலாகியும் அதன் 30-ஆவது பிரிவை நம்மில் பயன்படுத்துவோர் மிகக் குறைவு. ஒரு நிறுவனம் உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறது என்று கேட்கும் உரிமை அது. கேட்டு 21 நாளில் அவர்கள் பதில் தர வேண்டும்; முடியாவிட்டால் காரணம் சொல்லி மேலும் 14 நாள் எடுக்கலாம். கட்டணமாக நகலோடு கேட்டால் அதிகபட்சம் 10 வெள்ளி, நகல் இல்லாமல் 2 வெள்ளி வாங்கலாம். மருத்துவக் குறிப்பு போன்ற நுண்ணிய தரவுக்கு நகலோடு 30, நகல் இல்லாமல் 5 வெள்ளி. அதற்குமேல் "செயலாக்கக் கட்டணம்" கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

கடிதத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். தலைப்பு "பெர்மொஹோனான் அக்செஸ் டாத்தா பெரிபாடி" (தனிநபர் தரவை அணுக விண்ணப்பம்). முதலில் அவர்களின் தனியுரிமை அறிவிப்பைத் தேடி எடுங்கள். சட்டப்படி அது மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும், யாருக்கு எழுதுவது என்ற முகவரியும் அதில்தான் இருக்கும். 2025 ஜூன் 1 முதல் 20,000 பேருக்கு மேற்பட்டவர்களின் தரவைக் கையாளும் நிறுவனங்கள் தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்திருக்க வேண்டும். பெரிய நிறுவனம் என்றால் அவருக்கே அனுப்புங்கள். கவுண்டரில் கொடுத்த கடிதம் மேசை இழுப்பறையில் தூங்கும். மின்னஞ்சலில் போனதற்குத் தேதி சாட்சியாக நிற்கும்.

உள்ளே என்ன எழுதுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "என்னைப் பற்றிய எல்லாம் கொடு" என்றால், உங்களை அடையாளம் காண விவரம் போதவில்லை என்றோ வேலைச் சுமை அதிகம் என்றோ மறுக்க வழி கிடைக்கும். குறிப்பாகக் கேளுங்கள்: வாடிக்கையாளர் எண் இன்னது, 2024 ஜனவரி முதல் இன்றுவரை, என்னென்ன தரவு வைத்திருக்கிறீர்கள், எங்கிருந்து வந்தது, எந்த மூன்றாம் தரப்புக்குக் கொடுத்தீர்கள். மூன்றாம் தரப்புக் கேள்விதான் முக்கியம். உங்கள் எண்ணுக்குக் காப்புறுதி முகவர் திடீரென்று எப்படி அழைக்கிறார் என்பதற்கான பதில் அதில்தான் இருக்கும். அடையாளத்துக்கு ஐசி நகல் கேட்பார்கள். கோடு போட்டு, "அக்செஸ் டாத்தா சஹாஜா" (தரவு அணுகலுக்கு மட்டும்) என்று எழுதிய நகலை அனுப்புங்கள். தவறான விவரம் இருந்தால் 34-ஆவது பிரிவின்படி திருத்தக் கேட்கலாம், அதற்கும் 21 நாள்தான்.

"எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்" என்ற கோரிக்கை பெரும்பாலும் தோற்கும். வரிச் சட்டப்படி கணக்குப் பதிவுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டியிருப்பதால், "சட்டம் வைத்திருக்கச் சொல்கிறது" என்று சரியாகவே பதில் வரும். விற்பனை அழைப்புதான் தொல்லை என்றால் 43-ஆவது பிரிவைச் சொல்லி, நேரடிச் சந்தைப்படுத்தலுக்கு என் தரவைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று மட்டும் எழுதுங்கள். காரணம் சொல்லவே தேவையில்லை. நிறுத்தாமல், தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரின் உத்தரவையும் மீறினால் 2 லட்சம் வெள்ளிவரை அபராதமோ இரண்டாண்டுவரை சிறையோ உண்டு. சிறிய கோரிக்கைதான், ஆனால் நடைமுறையில் பலிப்பது இதுவே.

தரவு கசிந்ததாக நிறுவனமே உங்களுக்கு எழுதினால் அலட்சியம் வேண்டாம். 2025 ஜூன் முதல் கசிவை 72 மணி நேரத்தில் ஆணையருக்கும், பெரிய பாதிப்பு வரக்கூடும் என்றால் அதற்குப் பின் 7 நாளில் பாதிக்கப்பட்டவருக்கும் சொல்ல வேண்டும் என்பது சட்டம். என்ன கசிந்தது என்று அந்த மின்னஞ்சலில் தேடிப் பாருங்கள். கடவுச்சொல் என்றால் மாற்றினால் தீர்ந்தது. ஐசி படம் என்றால் அடுத்த ஆறு மாதம் மாதந்தோறும் சிசிரிஸ் பார்க்க வேண்டியிருக்கும்.

சட்டம் எட்டாத இடம்

இந்தச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கு மட்டுமே. மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் பொருந்தாது. பினாங்கில் மாநில அரசின் ஐ-செஜாத்ரா நல உதவிக்குக் கொடுத்த விவரமோ, 2019 ஜனவரியில் அம்மாநிலம் அறிமுகப்படுத்திய முகம் அடையாளம் காணும் சிசிடிவியோ அதன் கைக்கு எட்டாது. மத்திய அமைச்சுகள் தங்களுக்குள் தரவைப் பகிர்ந்துகொள்ள 2025-இல் தரவுப் பகிர்வுச் சட்டம் வந்தது; அதிலும் அணுகல் கடிதத்துக்கு இடமில்லை. வங்கியைக் கேட்கக்கூடிய கேள்வியை அமைச்சைக் கேட்க முடியாது என்பது என் கணக்கில் பெரிய ஓட்டை. தொகுதி மக்கள் பிரதிநிதியிடம் எழுப்ப வேண்டிய விஷயம் அதுதான்.

இங்கே நம் கையில் இருப்பது ஒரே தற்காப்பு: உங்கள் கணக்கை நீங்களே முதலில் திறந்துவிடுவது. 2024 ஜனவரி 2-இல் பாடு எனும் மத்திய அரசின் மக்கள் தரவுத் தளம் தொடங்கியபோது, ஐசி எண்ணும் அஞ்சல் குறியீடும் தெரிந்தால் அடுத்தவர் பேரில் கணக்குத் தொடங்கலாம் என்ற குறையை முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் உள்ளிட்டோர் சுட்டிக்காட்டினார்கள், பிறகு அரசு அதைத் திருத்தியது. திறக்காமல் கிடக்கும் கணக்குதான் அடுத்தவருக்கு வசதி. ஆகவே ஈபிஎப் ஐ-அக்கவுன் (சேமநிதி), மைடேக்ஸ் (வருமான வரி), மைஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா), மைடிஜிட்டல் ஐடி (மின்னிலக்க அடையாளம்) ஆகியவற்றை அப்பா அம்மாவுக்கும் சேர்த்து, அவர்கள் கைப்பேசி எண்ணிலேயே பதிந்து வையுங்கள். பிள்ளையின் எண்ணில் பதிவது சுலபம்தான். ஆனால் பிள்ளை எண்ணை மாற்றும் நாளில் பெற்றோர் கணக்கு பூட்டிக்கொள்ளும்.

புகார் செய்ய

கடிதத்துக்கு 21 நாளில் பதில் வரவில்லை என்றால் புத்ராஜெயாவில் உள்ள தனிநபர் தரவுப் பாதுகாப்புத் துறையில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம். நிறுவனத்துக்கு முதலில் எழுதிய ஆதாரத்தோடு போனால் புகார் நகரும். மின்னஞ்சலின் முழு நகல், அனுப்பிய தேதி, வந்த அழைப்புகளின் எண்ணும் நேரமும் இருக்கும் ஸ்கிரீன்ஷாட், நிறுவனத்தின் பதிவுப் பெயர், இவை போதும். தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறுவோருக்கு 2025 ஏப்ரல் முதல் அபராதம் 10 லட்சம் வெள்ளிவரை ஏறியிருக்கிறது. அது அரசுக் கஜானாவுக்குப் போகும், உங்களுக்கு ஒரு சென்னும் வராது. இழப்பீடு வேண்டுமென்றால் தனியாக வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். புகாரைப் பதிந்ததும் அதன் குறிப்பு எண்ணை ஒரு வரியில் அந்த நிறுவனத்துக்கே அனுப்பிவையுங்கள். தூங்கிய கடிதங்கள் பல அதன் பிறகுதான் எழுந்திருக்கின்றன.